திறந்து கிடக்குது நம்ம விவரம்... பூட்டிக் கிடக்குது ஊர்க் கணக்கு!

சென்னை:

"சிஸ்டத்துல அப்படித்தாம்மா காட்டுது. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த ஆளு வாங்க..."

தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை, இ-சேவை மையம் என்று எங்கே போய் நின்றாலும் இன்றைக்கு ஏழை ஜனங்கள் காதில் விழும் வசனம் இதுதான். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்சுக்கு காசு கொடுத்து, காலையில் இருந்து வரிசையில் கால் கடுக்க நின்றவருக்கு கிடைக்கும் பதில் இந்த ஒரு வரி.

அந்த சிஸ்டத்துல அப்படி என்னதான் இருக்கு? நம்ம பேர்ல என்ன எழுதி வச்சிருக்காங்க? யார் எழுதினது? தப்பா இருந்தா யார் திருத்துவாங்க? கேட்டால் பதில் இல்லை. கம்ப்யூட்டர் திரை அதிகாரி பக்கம் பார்த்து இருக்கிறது. நமக்கு தெரிவது அதன் முதுகு மட்டும்தான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை பாருங்கள்.

முன்பின் தெரியாத ஒருத்தன் போன் போடுகிறான். நம்ம பேர் சொல்கிறான். ஊர் சொல்கிறான். ஆதார் நம்பரின் கடைசி நாலு எண்ணையும் சொல்கிறான். "ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறான். இவ்வளவும் அவனுக்கு எங்கிருந்து போனது என்று நமக்கும் தெரியாது, போலீசுக்கும் சட்டென்று தெரியாது.

சொந்தக்காரனுக்கு காட்ட மாட்டார்கள். ஊரான் கையில் போவதை தடுக்கவும் மாட்டார்கள். இந்த நிலைமையில்தான் சட்டத்தில் ஒரு சின்ன வரி மாறி இருக்கிறது. டி.வி. விவாதங்களில் அது பெரிதாக வரவில்லை. ஆனால் ரேஷன் கார்டும் பென்ஷன் புத்தகமும் வைத்திருக்கும் எல்லோரையும் அது தொடும்.

மாறிய வரி என்ன?

2005-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி முதல் நாடு முழுக்க அமலில் இருப்பது தகவல் அறியும் உரிமை சட்டம். நம்ம தமிழ்நாட்டில் அதற்கும் முன்னாடியே, 1997-ம் ஆண்டிலேயே, இப்படி ஒரு மாநில சட்டம் வந்து விட்டது. 10 ரூபாய் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள். அரசு ஆபீசில் உள்ள கணக்கை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எதற்கு கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக்கூடாது.

இந்த சட்டத்தில் 8(1)(ஜே) என்று ஒரு பிரிவு. தனி மனிதர்களின் அந்தரங்கத்தை காப்பாற்ற வைத்தது. ஒருவரைப் பற்றிய சொந்த விவரத்தை இன்னொருவர் கேட்டால் மறுக்கலாம். ஆனால் சும்மா மறுத்துவிட முடியாது. அந்த விவரத்துக்கும் பொதுக்காரியத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அதை கொடுத்தால் அந்த ஆளின் அந்தரங்கத்தில் அநாவசியமாக தலையிட்டதாக ஆக வேண்டும். அப்போதும் பொதுநலன் பெரிது என்று பட்டால் கொடுக்கலாம். கூடவே, "பாராளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் மறுக்க முடியாத தகவலை எந்த தனி நபருக்கும் மறுக்கக்கூடாது" என்று ஒரு கொக்கியும் இருந்தது.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்தை நிறைவேற்றியது. நம்ம போன் நம்பர், ஆதார், மருத்துவ விவரம் போன்றவற்றை கம்பெனிகளும் அரசும் எப்படி கையாள வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. நல்ல காரியம்தான். ஆனால் அதன் 44(3)-வது பிரிவு, தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் கை வைத்தது. மேலே சொன்ன நிபந்தனைகள் எல்லாம் போய்விட்டன. "தனிப்பட்ட தகவல்" என்ற வார்த்தை மட்டும் மிச்சம்.

அதாவது, கேட்பது தனி மனிதர் பற்றிய விவரமா? அப்படியானால் மறுக்கலாம். அவ்வளவுதான்.

2025-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி முதல் இந்த திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது.

பேர் இல்லாத பேப்பர் எது?

"அட, நல்லதுதானே? என் விவரத்தை இன்னொருத்தன் எதுக்கு பாக்கணும்?" என்று நினைக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரசு ஆபீசில் மனுஷன் பேர் இல்லாத பேப்பர் எது? முதியோர் பென்ஷன் பட்டியலில் பேர் இருக்கும். வீடு கட்டும் திட்டத்தில் பேர் இருக்கும். தெருவுக்கு ரோடு போட்டதாக பில் வாங்கிய காண்டிராக்டர் பேர் இருக்கும். அதற்கு கையெழுத்து போட்ட அதிகாரி பேரும் இருக்கும். எல்லாமே "தனிப்பட்ட தகவல்" என்று சொல்லிவிட்டால் ஊர்க் கணக்கை யார் கேட்பது?

இந்த சட்டம் பிறந்த கதையே பேர் பட்டியலில் இருந்துதான் தொடங்கியது. 1990-களில் ராஜஸ்தான் மாநிலத்தில் பஞ்சத்துக்கு அரசு நடத்திய வேலைகளில் கூலி சரியாக வரவில்லை. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளிகள் அமைப்பு, வருகைப் பதிவேட்டை காட்டச் சொல்லி போராடியது. 1994-ம் ஆண்டு முதல் ஊர் நடுவில் கூட்டம் போட்டு அந்த பேர்களை சத்தமாக வாசித்தார்கள். செத்துப் போனவர் பேரில் கூலி எடுத்திருந்தார்கள். ஊரிலேயே இல்லாதவர் பேரிலும் எடுத்திருந்தார்கள். கட்டாத கட்டிடத்துக்கு பில் போயிருந்தது. 1996-ம் ஆண்டு பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. அந்த தீப்பொறிதான் 9 வருஷம் கழித்து சட்டமாக வந்தது.

அன்றைக்கு "பேர் எல்லாம் தனிப்பட்ட தகவல், காட்ட முடியாது" என்று சொல்லியிருந்தால் அந்த மோசடி கடைசி வரை மூடியே கிடந்திருக்கும்.

நம்ம ஊர் கதைக்கும் குறைவில்லை. 2020-ம் ஆண்டு தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு வருஷம் 6 ஆயிரம் ரூபாய் கொடுக்கும் பிரதமர் கிசான் திட்டத்தில் பெரிய மோசடி வெடித்தது. தகுதியே இல்லாத சுமார் 5½ லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் அளவுக்கு பணம் போயிருந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் வழக்கு. சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்கு போய், கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தே ஆட்களை சேர்த்திருந்தார்கள். நிலமே இல்லாதவர் பேரை விவசாயி என்று பதிந்திருந்தார்கள்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அரசு கம்ப்யூட்டரில் உள்ள நம்ம விவரம் எவ்வளவு லேசாக வெளியாள் கைக்கு போகிறது என்பது. இரண்டு, பட்டியல் ஊர் பார்வைக்கு இருந்தால் "இந்த ஆளுக்கு ஏது நிலம்?" என்று பக்கத்து வீட்டுக்காரரே கேட்டிருப்பார் என்பது.

இன்னொரு உதாரணம் வாக்காளர் பட்டியல். 2025-ம் ஆண்டு பீகாரில் சிறப்பு தீவிர திருத்தம் நடந்து, 65 லட்சம் பேர் வரைவு பட்டியலில் இல்லாமல் போனார்கள். யார் யார், என்ன காரணம் என்று தெரியவில்லை. ஆகஸ்டு 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, நீக்கப்பட்டவர்கள் பட்டியலை காரணத்தோடு வெளியிடச் சொன்னது. அதன்பிறகுதான் "உயிரோட இருக்கிற என்னை செத்துட்டேன்னு போட்டிருக்காங்க" என்று ஆட்கள் வரமுடிந்தது. அதே வருஷம் டிசம்பர் 19-ந்தேதி தமிழ்நாட்டு வரைவு பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பேர்கள் அதில் இல்லை. பட்டியல் வெளியே இருந்ததால்தான் ஜனங்கள் தேடிப் பார்த்து, விட்டுப்போன பேரை சேர்க்க மனு கொடுக்க முடிந்தது. பட்டியல் பூட்டிக் கிடந்தால் ஓட்டுப் போடும் நாளில்தான் விஷயமே தெரிந்திருக்கும்.

பூட்ட வேண்டியது எது?

அப்படியானால் எல்லாவற்றையும் ஊருக்கு திறந்து வைக்கலாமா? கூடவே கூடாது. பூட்டியே தீரவேண்டிய விவரங்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அவைதான் திறந்து கிடக்கின்றன.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்ததை சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமை வழக்கில், முதல் தகவல் அறிக்கையே வெளியே வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சொந்த விவரங்களோடு அது செல்போன்களில் சுற்றியது. இத்தனைக்கும் பாலியல் வழக்குகளின் எப்.ஐ.ஆரை இணையதளத்தில் போடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதே குற்றம். "தொழில்நுட்ப கோளாறு" என்று விளக்கம் வந்தது.

சென்னை ஐகோர்ட்டு அந்த விளக்கத்தோடு விடவில்லை. டிசம்பர் 28-ந்தேதி, 3 பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்பு புலனாய்வு குழுவை அமைத்தது. எப்.ஐ.ஆர். வெளியானதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் அரசுக்கு உத்தரவு போட்டது. குற்றவாளிக்கு 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 30 ஆண்டுக்கு குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் ஒரு தடவை வெளியே போன பேப்பரை யாரால் திரும்ப உள்ளே வைக்க முடியும்? தைரியமாக புகார் கொடுக்க வந்த பெண்ணுக்கு அரசு பதிவேடே எதிரியாகிப் போனது.

இது தனி சம்பவம் இல்லை. 2017-ம் ஆண்டு ஜார்கண்ட் மாநில அரசின் இணையதளத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் பென்ஷன்காரர்களின் ஆதார் நம்பர்கள் அப்படியே திறந்து கிடந்தன. 2021-ம் ஆண்டு தமிழ்நாட்டு ரேஷன் திட்ட பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கசிந்திருப்பதாக தனியார் சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று சொன்னது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம், கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் விவரங்களை டெலிகிராமில் ஒரு 'பாட்' அள்ளிக் கொடுத்தது. கோவின் தளத்துக்குள் யாரும் நேரடியாக புகவில்லை என்று மத்திய அரசு மறுத்தது.

கவனியுங்கள். இதில் எதுவும் தகவல் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி யாரோ மனு போட்டதால் வெளியே போகவில்லை. ஓட்டை இருந்தது கம்ப்யூட்டரில். பூட்டு போட்டதோ மனுவுக்கு!

அரசு சொல்லும் நியாயம்

மத்திய அரசின் வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆதாரை எதிர்த்து கர்நாடக ஐகோர்ட்டு முன்னாள் நீதிபதி கே.எஸ்.புட்டசாமி போட்ட வழக்கில், 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னார்கள். அதற்கு ஏற்ற மாதிரிதான் சட்டத்தை மாற்றியிருக்கிறோம் என்கிறது அரசு. பொதுநலன் பெரிது என்றால் தகவலை கொடுக்கலாம் என்று சொல்லும் 8(2)-வது பிரிவு அப்படியே இருக்கிறதே என்றும் கேட்கிறது.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மேல் உள்ள பகைக்காக அவன் வீட்டு விவரத்தை கேட்டு மனு போடுகிறவர்களும் உண்டு. பிரிந்துபோன மனைவியின் முகவரியையும் சம்பளத்தையும் தோண்டுகிறவர்களும் உண்டு. அவர்களை தடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அவர்களை தடுக்க பழைய வரியே போதுமானதாக இருந்தது. 2012-ம் ஆண்டிலேயே ஒரு வழக்கில், அரசு ஊழியரின் வருமான வரி கணக்கும், அவருக்கு கொடுத்த மெமோவும் தனிப்பட்ட விவரம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தரங்கம் எது, பொதுக்கணக்கு எது என்று எடை போட்டுப் பார்க்கத்தான் அந்த நிபந்தனைகள் இருந்தன. இப்போது எடை போடாமலே மறுக்க வழி கிடைத்துவிட்டது. 8(2) இருக்கிறது என்பது சரி. அதை வாதாடி வாங்குவதற்கு கீழ் அதிகாரி, மேல் அதிகாரி, கமிஷன் என்று அலைய வேண்டியது யார்? கூலி வேலைக்கு போகிறவர்தானே?

நம்ம கதவு எப்போ திறக்கும்?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதே புது சட்டத்தில் நமக்கு சாதகமான பிரிவுகளும் உண்டு. உன்னைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை 11-வது பிரிவில் இருக்கிறது. தப்பை திருத்தச் சொல்லும் உரிமை 12-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் இவை உடனே வரவில்லை. 18 மாதம் கழித்து, அதாவது 2027-ம் ஆண்டு மே மாத வாக்கில் அமலுக்கு வரும் என்பது 2025 நவம்பர் அறிவிப்பு.

மறுக்கும் அதிகாரம் அன்றைக்கே வந்துவிட்டது. கேட்கும் உரிமைக்கு ஒன்றரை வருஷ வாய்தா!

அப்படி வந்தாலும் அரசு ஆபீசுகளுக்கு தனி சலுகைகள் இருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களை சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு கொடுக்கலாம். மானியம், சான்றிதழ் போன்றவற்றுக்கு நம்ம சம்மதம் இல்லாமலே அரசு நம்ம விவரத்தை பயன்படுத்தலாம். விவரம் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்த பணம் போகும் இடம் மத்திய அரசின் கஜானா. பறிபோனது நம்ம விவரம். அபராதத்தில் நமக்கு ஒரு பைசா கிடையாது.

தப்பான ஒரு வரி, போன ஆயிரம் ரூபாய்

சொந்த விவரத்தை பார்ப்பது ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். அது நேராக அடுப்படிக்கு வரும் விஷயம்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை திட்டம் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். மனு கொடுத்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். முதலில் தேர்வானவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். மற்ற மனுக்கள் தள்ளுபடி. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2½ லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, கரண்டு 3,600 யூனிட்டை தாண்டக்கூடாது, கார் இருக்கக்கூடாது என்று விதிகள். இதை எல்லாம் அதிகாரி வீடு வீடாக மட்டும் பார்க்கவில்லை. அரசிடம் ஏற்கனவே உள்ள பதிவுகளோடும் ஒத்துப் பார்த்தார்கள்.

ஒரே மீட்டரில் வாடகைக்கு மூன்று குடித்தனம் இருந்தால் அந்த கரண்டு கணக்கு யார் தலையில் விழும்? எப்பவோ விற்ற டாக்சி இன்னும் வீட்டுக்காரர் பேரிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசில் கிடந்தால்? சிஸ்டம் அதை கேட்காது. தள்ளுபடி என்று காட்டிவிட்டு போய்விடும். அதனால்தான் தள்ளுபடிக்கான காரணத்தை எஸ்.எம்.எஸ்.சில் அனுப்பினார்கள். 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்தார்கள். காரணம் தெரிந்தவர்களால் மறுபடி மோத முடிந்தது. காரணம் தெரியாவிட்டால் "நம்ம தலையெழுத்து" என்று வீட்டுக்கு போக வேண்டியதுதான்.

இப்போ நாம என்ன செய்யலாம்?

2027 வரை கையை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சட்டத்தில் நமக்கு பயன்படும் வரிகள் இன்னும் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் சொந்த விவரத்தை நீங்களே கேட்பது. உங்கள் மனு என்ன ஆனது, உங்கள் பென்ஷன் ஏன் நின்றது, உங்கள் கார்டில் யார் திருத்தினார்கள் என்பதை தகவல் சட்டத்தில் கேளுங்கள். தனிப்பட்ட தகவல் என்ற விலக்கு, அந்த தனி நபரை காப்பாற்றத்தான். அவர் விவரத்தை அவரிடமே மறைப்பதில் அர்த்தம் இல்லை. பரீட்சை எழுதியவர் தன் விடைத்தாளை பார்க்கலாம் என்று 2011-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. "இது என் சொந்த விவரம்" என்று மனுவிலேயே எழுதி, அடையாள அட்டை நகலை வைத்து விடுங்கள்.

இரண்டாவது, 4-வது பிரிவு. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு காரணத்தை சொல்வது அரசு ஆபீசின் கடமை என்று அதில் இருக்கிறது. மானியம் வாங்கும் பயனாளிகள் விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஊர் பட்டியலை கேட்கும்போது "4(1)(பி) பிரிவின்படி வெளியிட வேண்டிய பட்டியல், 8(2) பிரிவின்படி பொதுநலன் உள்ளது" என்று சேர்த்து எழுதுங்கள். போன் நம்பர், ஆதார் நம்பர், பேங்க் நம்பர் வேண்டாம், அதை மறைத்துவிட்டு கொடுங்கள் என்றும் எழுதுங்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மீதியை கொடுக்க 10-வது பிரிவில் வழி இருக்கிறது.

மனு போடும் முறை லேசுதான். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்கு கீழே இருப்பவர்களுக்கு அந்த கட்டணமும் இல்லை, சான்று வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல் அதிகாரிக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநில தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதை கேட்டு வாங்காமல் வராதீர்கள்.

நம்ம பக்கத்து ஜாக்கிரதை

விவரம் கசியாமல் பார்ப்பது அரசின் வேலை. ஆனாலும் நாமும் சில காரியங்கள் செய்யலாம். ஆதார் நகல் கொடுக்கும்போது எதற்காக கொடுக்கிறோம் என்று அதன் மேலேயே எழுதி தேதி போடுங்கள். முதல் 8 எண் மறைத்த ஆதார் போதும் என்றால் அதையே கொடுங்கள். ஜெராக்ஸ் கடையிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். கைரேகையை ஆதார் தளத்தில் பூட்டி வைக்கலாம். உங்கள் ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற பட்டியலையும் அதே தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் என்றால் 1947-க்கு போன் போடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காமல் 1930-க்கு போடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி

அந்தரங்கம் பணக்காரனுக்கு மட்டும் உள்ளது இல்லை. குடிசையில் இருப்பவருக்கும் மானம் இருக்கிறது. நோய் இருக்கிறது. வெளியே சொல்ல முடியாத கஷ்டம் இருக்கிறது. அதை பூட்டி வைக்க வேண்டியது அரசு.

அதேபோல ஊர் பணம் எப்படி செலவானது என்று கேட்பதும் அவருடைய உரிமை. அதை திறந்து காட்ட வேண்டியதும் அரசு.

இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. என் ஆஸ்பத்திரி சீட்டு எனக்கு மட்டும். என் தெரு ரோட்டு பில் எல்லோருக்கும். இந்த வித்தியாசம் சட்டம் படிக்காத ஜனங்களுக்குகூட புரிகிறது.

அடுத்த தடவை "சிஸ்டத்துல அப்படித்தாம்மா காட்டுது" என்று யாராவது சொன்னால், சண்டை போட வேண்டாம். அமைதியாக ஒரு வார்த்தை கேளுங்கள்:

"சரிங்க சார்... அதை எனக்கும் எழுதிக் கொடுங்க!"